நோன்பு: மிச்சமான சாப்பாடு யாருக்கு?

மார்ச் மாதத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸில் கவனித்திருப்பீர்கள். கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் காலை டிபனைத் தொட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் சிக்கன் பக்கமே திரும்ப மாட்டார்கள். கேட்டால் ஒருவர் "தவக்காலம்" என்பார், இன்னொருவர் "லெந்து காலம்" என்பார். இரண்டும் ஒன்றுதான். முன்னது கத்தோலிக்கர்கள் சொல்வது, பின்னது சி.எஸ்.ஐ. போன்ற சபையினர் சொல்வது. சாம்பல் புதனில் ஆரம்பித்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது.

தமிழில் இதற்கு அழகான பழைய வார்த்தைகள் இருக்கின்றன. ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடுவது 'ஒருசந்தி'. கறி தவிர்ப்பது 'சுத்தபோசனம்'. புராட்டஸ்டன்ட் சபைகளில் 'உபவாசம்' என்பார்கள். வார்த்தைகள் கிடக்கட்டும். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று பார்ப்போம்.

ஆரம்பம்

நோன்பு கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தது அல்ல. யூதர்களுக்குப் பாவப் பரிகார நாள் நோன்பு இருந்தது. பக்தி மிகுந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளும் இருந்தார்கள். ஆனால் அந்தக் காலத்திலேயே இதைப் பற்றி ஒரு சண்டையும் இருந்தது. ஏசாயா தீர்க்கதரிசி புத்தகத்தின் 58ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். வேலைக்காரனைக் கசக்கிப் பிழிந்துகொண்டே பட்டினி கிடந்தால் அது நோன்பா என்று கேட்கிறது. பசித்தவனுக்குச் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுப்பதுதான் நோன்பு என்கிறது. இயேசு தன் பங்குக்கு இன்னொன்று சொன்னார்: நோன்பு இருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டாதே, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவிக்கொண்டு இரு.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பின் நடந்தவற்றை இவற்றை வைத்தே அளந்து பார்க்கலாம்.

முதல் நூற்றாண்டுகள்

'டிடாக்கே' என்று ஒரு சின்னப் புத்தகம் உண்டு. முதல் நூற்றாண்டின் முடிவிலோ அதற்குச் சற்றுப் பின்போ எழுதப்பட்டது. பல நூற்றாண்டுகள் காணாமல் போய், 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்து, 1883இல் அச்சானது. திங்கள், வியாழனில் நோன்பு இருக்கிறவர்களைப் போல நீங்கள் இருக்க வேண்டாம், புதனும் வெள்ளியும் இருங்கள் என்று அதில் வருகிறது. புதன் இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட நாள், வெள்ளி அவர் சிலுவையில் அறையப்பட்ட நாள் என்று பின்னால் வந்தவர்கள் காரணம் சொன்னார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு புத்தகம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட 'ஹெர்மாசின் மேய்ப்பன்'. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், அன்றைக்கு நீ வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடு, அந்தப் பணத்தை ஒரு விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவனுக்கோ கொடு என்று அதில் சொல்லியிருக்கிறது. எவ்வளவு நேரடியான கணக்கு பாருங்கள்! அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்டைடஸ் ரோமப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்திலும் இதே செய்தி வருகிறது. தங்களிடம் உபரி உணவு இல்லாவிட்டால் கிறிஸ்தவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி இருந்து ஏழைக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார் அவர். அதாவது, நோன்பு இருந்தவர்களே வசதி இல்லாதவர்கள்தான்.

எத்தனை நாள் என்பதில் ஆரம்பத்தில் ஒரே விதி இருக்கவில்லை. கி.பி. 190 வாக்கில் லியோன் நகர ஆயர் இரேனியுஸ் ரோம் ஆயருக்கு எழுதிய கடிதத்தில், ஈஸ்டருக்கு முன்னால் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் 40 மணி நேரம் நோன்பு இருக்கிறார்கள் என்கிறார். இதற்காகச் சண்டை வேண்டாம், பழக்கம் வேறானாலும் விசுவாசம் ஒன்றுதான் என்பது அவருடைய கருத்து. 40 நாள் என்ற காலம் 325இல் நடந்த நைசியா சங்கத்தின் விதிகளில் வருகிறது.

வெண்ணெய்யும் சாசேஜும்

இனிமேல்தான் கதை மாறுகிறது. மத்திய கால ஐரோப்பாவில் நோன்பு சட்டமாகிவிட்டது. தவக்காலத்தில் கறி கூடாது, முட்டை கூடாது, பால், வெண்ணெய் கூடாது. தெற்கே இருப்பவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் இருந்தது, சமாளித்தார்கள். வடக்கே வெண்ணெய்தான் எல்லாமே. அவர்கள் என்ன செய்வார்கள்? பணம் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். பிரான்சில் ரூவான் தேவாலயத்தின் ஒரு கோபுரத்துக்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்று பெயர். அப்படி வந்த பணம் அதைக் கட்ட உதவியது என்பதுதான் காரணம்! விதவைக்குப் போக வேண்டிய காசு கோபுரத்துக்குப் போனது. மார்ட்டின் லூதர் 1520இல் இந்த வெண்ணெய் வியாபாரத்தைக் கடுமையாகச் சாடினார்.

1522 மார்ச்சில், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, சூரிச்சில் ஃப்ரோஷவர் என்ற அச்சக உரிமையாளர் வீட்டில் சிலர் புகையில் வாட்டிய சாசேஜைத் துண்டு போட்டுத் தின்றார்கள். (ஆமாம், சீர்திருத்த வரலாற்றில் சாசேஜுக்கும் இடம் உண்டு!) பாதிரியார் ஸ்விங்லி கூடவே இருந்தார், ஆனால் சாப்பிடவில்லை. விவகாரம் நகர மன்றத்துக்குப் போனது. அச்சு வேலை கடுமையானது, கஞ்சியைக் குடித்துக்கொண்டு முடியாது என்றார் ஃப்ரோஷவர். ஸ்விங்லி பிரசங்க மேடையில் அவர்களுக்காகப் பேசினார். நோன்பு இருக்க விரும்புகிறவன் இருக்கட்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம். நோன்பே தப்பு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. எலிசபெத் ராணி காலத்தில் 1563இல் புதன்கிழமையும் மீன் நாள் என்று சட்டம் போட்டார்கள். பக்திக்காக இல்லை, மீனவர்களும் கப்பல்களும் பெருகினால் கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்று. ஆன்மாவைக் காப்பாற்ற இந்த மீன் நாள் அவசியம் என்று பிரசங்கம் செய்தால் தண்டனை என்றும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள்!

திரும்பி வந்த பாதை

1730களில் ஆக்ஸ்போர்டில் ஜான் வெஸ்லியும் நண்பர்களும் டிடாக்கே சொன்ன அதே புதன், வெள்ளியில் மதியம் மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தார்கள். அவர்கள் சிறைக் கைதிகளையும் ஏழைகளையும் தேடிப் போய் உதவியவர்கள். நோன்போடு தர்மமும் சேர வேண்டும் என்று வெஸ்லி பிரசங்கித்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1966இல் போப் ஆறாம் பவுல் விதிகளைச் சுருக்கினார். கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் புனித வெள்ளியும் மட்டும். விதியின் எடையைக் குறைத்து, ஜெபத்தையும் தர்மத்தையும் அதோடு சேர்த்துச் சொன்னார். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையிலோ இன்றும் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் நோன்புதான்.

முதன்முறையாக நோன்பு இருக்க நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு சொல்வது எளிமையானது. நாள் கணக்கு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, அதனால் 40 நாளையும் ஒரேயடியாகப் பிடிக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளை போதும். தண்ணீர் குடியுங்கள். நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் திருச்சபையே விலக்கி வைத்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு சாதாரணமாக வகுப்புக்குப் போங்கள்.

கடைசியாக, ஹெர்மாசின் கணக்கை விட்டுவிடாதீர்கள். சாப்பிடாத டிபன் 40 ரூபாய் என்றால், அந்த 40 ரூபாய் சாயங்காலத்துக்குள் பசித்த ஒருவர் கைக்குப் போக வேண்டும். அது நம் பர்சிலேயே தங்கிவிட்டால், நாம் செய்தது சிக்கனம், நோன்பு அல்ல.