கேட்பவரின் வாக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு அலேன் துயமெல் என்ற பெயர் நினைவிருக்கலாம். 1940-இல் கான் நகரில் பிறந்தவர். பிரான்ஸ் தொலைக்காட்சியில் அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்பதே அவருடைய வாழ்நாள் வேலை.

1974 மே 10 அன்று ழிஸ்கார் தெஸ்தேனும் மித்தரானும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டார்கள். பிரான்சில் அதிபர் வேட்பாளர்களின் முதல் தொலைக்காட்சி விவாதம் அதுதான். நடத்தியவர்கள் ழாக்லின் போத்ரியேயும் துயமெலும். இருவரும் அதிகம் பேசவில்லை. யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று கணக்குப் பார்த்தார்கள். ழிஸ்கார் ஏறக்குறைய 4 லட்சத்து 25 ஆயிரம் வாக்குகளில்தான் வென்றார்.

பிறகு ழான்-பியேர் எல்கபாஷுடன் சேர்ந்து அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயருக்கு, சீட்டுகளை மேசைமேல் வைப்பது என்று பொருள். ஒளிவுமறைவு கூடாது என்பதுதான் கருத்து. 1981 மார்ச் 16 அன்று அந்த மேசையில் மித்தரானிடம் மரண தண்டனை பற்றிய பேச்சு வந்தது. மக்களில் பெரும்பாலோர் அதை ஆதரித்த காலம். தேர்தலோ நெருங்கிவிட்டது. இருந்தும், தன் மனசாட்சிப்படி அதை எதிர்ப்பதாகச் சொன்னார் மித்தரான். மே மாதம் வென்றார். அக்டோபர் 9-இல் மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. நல்ல கேள்வி இப்படித்தான் மனிதரை வெளியே கொண்டுவரும்.

1995-இல் ஷிராக், ழோஸ்பேன் விவாதத்தையும் அவரே இன்னொருவருடன் சேர்ந்து நடத்தினார்.

2007 பிப்ரவரியில் வந்தது சோதனை. மாணவர்களிடையே பேசும்போது, பய்ரூவுக்கு வாக்களிப்பேன் என்று சொல்லியிருந்தார். அந்தக் காணொளி பரவியது. தேர்தல் முடியும்வரை அவரை ஒதுக்கி வைத்தார்கள்.

செய்தியைப் படித்தபோது என் தேர்தல் பணி நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாக்குச்சாவடியில் விரலில் மை வைத்த நானும் ஒரு வாக்காளன்தானே! யாருக்குப் போட்டேன் என்று வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. அதனால் முதலில், அவருக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. வாயைக் கட்டியிருக்கலாம், சரி. ஆனால் நடுநிலை என்றால் மனத்தில் ஒன்றும் இல்லாமல் இருப்பதா? எனக்கும் விருப்பம் இருந்தது. வரிசையில் நின்ற யாரையும் நான் வேறாக நடத்தவில்லை. அவரையும் அவர் கேட்ட கேள்விகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?