கோலாலம்பூரில் பெயர் பெற்ற நோயும் அதன் கிருமியின் கசையிழையும்

நம் நாட்டுத் தோட்ட வரலாற்றை எழுதுவோர் மலேரியாவை மறவார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்து அந்நோயை அடக்கிய கதை பலரும் அறிந்ததே. ஆனால், கோலாலம்பூரிலேயே ஆராயப்பட்டு, இந்நகரில் பணியாற்றிய அறிஞராலேயே பெயரிடப்பட்ட மற்றொரு நோய் உண்டு. அதனை அறிந்தோர் நம்மிற் சிலரே. அதுதான் மெலியாய்டோசிஸ். அதன் வரலாற்றில் தொடக்கம் முதல் இன்றுவரை மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது கிருமியின் உடலில் முளைத்துள்ள மெல்லிய கசையிழை. ஆதலின் அவ்விரண்டையும் சேர்த்தே காண்பது தகும்.

இரங்கூனில் தொடக்கம்

1911ஆம் ஆண்டில் இரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்குறி ஆய்வாளராக இருந்தவர் ஆல்பிரட் விட்மோர். அவருக்கு உதவி மருத்துவராக இருந்தவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. பிணச்சோதனைக்கு வந்த சில உடல்களில் நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டிகள் மலிந்திருக்க இருவரும் கண்டனர். இறந்தோருள் பலர் மார்பியா ஊசிக்கு அடிமைப்பட்டவர். கட்டிகளின் தோற்றம் குதிரைகளைப் பற்றும் கிளாண்டர்ஸ் நோயை ஒத்திருந்தது. ஆனால் இறந்தோர் குதிரைகளோடு பழகியதற்குச் சான்று இல்லை. அப்படியாயின் இது என்ன நோய்?

விடை உருப்பெருக்கியின் கீழ்க் கிடைத்தது. கிளாண்டர்ஸ் கிருமி தானாக நகராது. இரங்கூனில் கிட்டிய கிருமியோ நீர்த்துளியில் துடிப்புடன் நீந்திற்று. வளர்ப்பூடகத்தில் விரைந்து செழித்தும் வளர்ந்தது. எனவே இது வேறோர் உயிர் என்று துணிந்த இருவரும் 1912இல் தம் முடிபை வெளியிட்டனர். கிளாண்டர்ஸ் கிருமியின் போலி என்னும் பொருள்படச் 'சூடோமல்லை' என்ற பெயர் அதற்கு அமைந்தது. 1917இல் கிருஷ்ணசாமி இந்நோயைப் பற்றித் தம் பெயரில் தனிக் கட்டுரையும் எழுதினார். எனினும் உலகம் அதனை 'விட்மோர் நோய்' என்றே வழங்கிற்று. உடனிருந்து உழைத்தவர் பெயர் உதிர்ந்துபோவது இவ்வொரு துறைக்கு மட்டும் உரியதன்று.

கண்ணுக்குத் தெரியாத உறுப்பு

நீந்துவதற்குக் கருவியாக இருப்பதே கசையிழை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். கசையிழையின் தடிமன் ஏறத்தாழ 20 நானோமீட்டரே. சாதாரண உருப்பெருக்கியில் இது தெரியாது. நிறக்காரத்தைக் கொண்டு இழையைத் தடிக்கச் செய்து, பின் சாயமேற்றிக் காணும் முறையை 1889-90இல் செருமானிய அறிஞர் பிரெடெரிக் லோப்லர் வகுத்தார். இவரே 1882இல் சூட்ஸ் என்பாருடன் கிளாண்டர்ஸ் கிருமியைக் கண்டவர். இழையில்லாக் கிருமியைக் கண்டறிந்தவரே இழையைக் காணும் வழியையும் தந்தார் என்பது நோக்கத்தக்கது.

கோலாலம்பூர் ஆராய்ச்சி

மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பெற்றது. 1913இல் அங்கே சோதனைக்கென வளர்த்த முயல்களும் சீமைப் பெருச்சாளிகளும் தொற்றுநோயால் மாண்டன. வில்லியம் பிளெச்சர் அவற்றிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தார். 1917இல் தாமஸ் ஸ்டான்டன் அதே கிருமியை மனிதரிடத்தும் கண்டார். இரங்கூன் கிருமியும் இதுவும் ஒன்றே எனத் தெளிந்த இருவரும், 1921இல் 'மெலியாய்டோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை ஆக்கினர். கிளாண்டர்ஸ் போன்றது என்பதே அதன் பொருள்.

1932இல் அவர்கள் வெளியிட்ட நூல் 83 நோயாளரைப் பற்றிக் கூறுகிறது. அவருள் நூற்றுக்கு 98 பேர் இறந்தனர். நோயை எலிகளே பரப்புகின்றன என்று அவர்கள் கருதினர். இக்கருத்துப் பின்னர் நிலைபெறவில்லை. கிருமியின் உறைவிடம் மண்ணும் நீருமே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. 1969இல் வெளிவந்த மலேசிய ஆய்வு, காட்டு நீரோடைகளிற் குறைவாகவும், காடழித்த நிலங்களிலும் நெல்வயல்களிலும் மிகுதியாகவும் இது உள்ளதைக் காட்டிற்று.

அந்த ஆண்டுகளில் நம்மவர் காடழித்து, வாய்க்கால் வெட்டி, இரப்பர் நட்டனர். இன்று அடுக்குமாடிகள் நிறைந்த பங்சாரும் அன்று தோட்டமே. புங்கே, கிரிசார் என்னும் இருவர் பெயர்கள் கூடியே அப்பெயர் உண்டாயிற்று என்பர். வெறுங்காலோடு சேற்றில் இறங்கிய உழைப்பாளியின் தோலில் ஒரு கீறல் இருந்தாற் போதும். மண்ணிலிருந்த கிருமிக்கு வாயில் திறந்தது.

நீந்துவது மட்டுமா?

கசையிழை என்னும் பெயரே ஒரு வரலாறு உடையது. இலத்தீன் மொழியில் 'பிளாகெல்லம்' என்பது சிறு சாட்டை. தமிழகத்தார் கசையிழை என்றும், இலங்கைத் தமிழர் சவுக்குமுளை என்றும் பெயர்த்தனர். ஆயினும் பாக்டீரியாவின் இழை சாட்டைபோல் அடிப்பதில்லை. 1974இல் சில்வர்மன், சைமன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் இழையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பிணித்தனர். அப்போது கிருமியின் உடலே சுழன்றது! இழை அடியிலுள்ள பொறியால் கப்பலின் சுழல்விசிறிபோல் சுழல்வது என்பது இதனால் உறுதியாயிற்று.

அதன் தொழில் இத்துடன் முடியவில்லை. திசுவைப் பற்றுவதற்கும் அது துணைசெய்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வு, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை விளைக்கும் ஒருவகை ஈக்கோலைக் கிருமி கசையிழையின் உதவியால் குடலணுக்களில் ஒட்டுவதைக் காட்டிற்று. 2003இல் மேற்கு ஆஸ்திரேலிய அறிஞர், நம் சூடோமல்லைக் கிருமி முதலில் இழையால் அமீபாவைப் பற்றி, அதன் பின்னரே உட்புகுவதைக் கண்டனர். இழையாக்கும் மரபணுவைக் கெடுத்த கிருமியோ அவ்வாறு பற்றவில்லை.

ஆனால் இதனை எல்லாவிடத்தும் பொதுவிதியாக்குவது தவறு. அதே 2003இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஆய்வில், இழையற்ற கிருமி வளர்ப்பூடகத்திலிருந்த மனித நுரையீரல் அணுக்களுள் இழையுள்ளதைப் போலவே நுழைந்தது. ஆனால் சுண்டெலிகளைக் கொல்லும் வலிமை அதற்குப் பெரிதும் குன்றியிருந்தது. 1997இல் வேறு விலங்குகளில் செய்த சோதனை, இழை இல்லாவிடினும் கொடுமை குறையவில்லை என்றது. பற்றும் கருவிகள் கிருமிக்குப் பல என்பதும், இடத்திற்கேற்ப அவற்றின் பயன் மாறும் என்பதும் இவற்றாற் பெறப்படும்.

மற்றொரு சான்றும் உண்டு. 2004இல் இரு கிருமிகளின் மரபணுத் தொகுதிகளும் முழுமையாகப் படிக்கப்பட்டன. கிளாண்டர்ஸ் கிருமி, சூடோமல்லை வழியிற் பிறந்து பல மரபணுக்களை இழந்தது என்பது தெளிவாயிற்று. மண்ணையும் நீரையும் விட்டுக் குதிரையின் உடலுக்குள்ளேயே குடிபுகுந்த உயிருக்கு நீந்தும் தேவை ஒழிந்தது. விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ட வேறுபாடு, உண்மையில் இருவேறு வாழ்க்கைகளின் வேறுபாடே.

இன்றைய நிலை

1989இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வு, செப்டாசிடிம் என்னும் மருந்து இறப்பைப் பாதியாகக் குறைப்பதைக் காட்டிற்று. மருந்து இருந்தும் மக்கள் இன்றும் இறக்கின்றனர். காரணம், நோய் காலத்தில் அறியப்படாமையே. காசநோய் போலவும் வேறு காய்ச்சல் போலவும் இது தோன்றி மயக்கும். நீரிழிவு உடையோரை இது மிகுதியாகத் தாக்கும். நீரிழிவு நம் சமூகத்தில் எத்துணைப் பரவியுள்ளது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் மழைக்காலத்தில் தோட்டவேலை செய்யுங்கால் காலணியும் கையுறையும் அணிதல் வேண்டும். காயத்தை மூடுதல் வேண்டும். காய்ச்சல் நீடித்தால் மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்ததை மருத்துவரிடம் தவறாது சொல்லுதல் வேண்டும்.

நுண்ணுயிர்ப் பாடம் நடத்தும் தமிழாசிரியர், பாஸ்டர், காக் ஆகியோரோடு கிருஷ்ணசாமியின் பெயரையும் கரும்பலகையில் எழுதலாம். கசையிழை என்ற சொல்லை விளக்கும்போது, அது சுழலும் என்பதையும், சிலவிடத்துப் பற்றும் என்பதையும் சேர்த்தே சொல்லலாம். வகுப்பில் கேட்ட பிள்ளை வீட்டிற் சென்று பாட்டிக்குச் செருப்பை எடுத்துக் கொடுக்குமாயின், அப்பாடம் பயன் தந்ததாகும்.