ஆறாம் பிரிவுக்குப் போய் வந்தவர்

1894ம் ஆண்டின் தொடக்கத்தில், நாற்பத்தேழு வயதுப் பெண்ணொருவர் கொப்பன்ஹேகன் நகர மருத்துவமனையின் ஆறாம் பிரிவுக்குத் தன் சொந்த விருப்பத்தின் பேரில் போய்ச் சேர்ந்தார். அது மனநோயாளருக்குரிய பிரிவு. அவர் வேண்டியதெல்லாம் ஓய்வும் நித்திரையுந்தான். வீட்டில் 1889ல் பிறந்த சிறு பெண் குழந்தை இருந்தது. எழுதத் தொடங்கி இன்னும் முடிக்காத நாவல் வரிசையொன்று இருந்தது. இரண்டுக்கும் இடையில் உறக்கம் கெட்டுப் போயிருந்தது.

தானாகப் போனவரால் தானாகத் திரும்பி வரமுடியவில்லை. 'போகப் போகிறேன்' என்று அவர் சொன்னதே நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்பிரிவின் தலைவர் பேராசிரியர் க்னுட் பொன்டொப்பிடன். (1917ல் நோபல் பரிசு பெற்ற டெனிஷ் நாவலாசிரியர் ஹென்றிக் பொன்டொப்பிடனின் சகோதரர் இவர்.) நகரில் மிக மதிக்கப்பட்ட அறிஞர். அவர் சொல்லே முடிவு. பின்னர் அந்தப் பெண் றொஸ்கில்டவில் உள்ள சங்க்ற் ஹான்ஸ் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். டென்மார்க்கில் வாழும் எம்மவர் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர். எம் ஊரில் 'அங்கொடை' என்ற சொல் எப்படிப் பயன்பட்டதோ, ஏறக்குறைய அப்படியே இங்கும் 'சங்க்ற் ஹான்ஸ்' பயன்பட்டது. ஆனால் அங்கிருந்த மருத்துவர்கள் அவரைப் பைத்தியம் என்று கருதவில்லை. அவர் வெளியே வந்தார்.

அந்தப் பெண் அமாலியே ஸ்க்ராம். 1846ல் நோர்வேயின் பேர்கன் நகரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் கப்பற் கப்டன் ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு, அவருடன் கடல் கடந்து, இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். அந்த மணவாழ்வு முறிந்தபோது ஏற்கனவே ஒருமுறை நிலைகுலைந்து, நோர்வேயின் கௌஸ்ராட் மனநோய் மருத்துவமனையில் இருந்தார். 1884ல் டெனிஷ் எழுத்தாளரான எரிக் ஸ்க்ராமை மணந்து கொப்பன்ஹேகனுக்குக் குடிபெயர்ந்தார். 1885ல் வெளிவந்த அவரது முதல் நாவலே திருமணத்துக்குள் பெண் படும் பாட்டைச் சொல்லிப் பெரும் கண்டனத்துக்குள்ளாயிற்று. 1887 முதல் பேர்கன் பக்கத்து ஏழைக் குடும்பமொன்றின் தலைமுறைகளைக் கூறும் 'ஹெல்லமீர் மக்கள்' என்ற வரிசையை எழுதினார். மூன்றாவது நூல் 1890ல் வந்தது. மகள் பிறந்தது அதற்கு முந்திய ஆண்டு. நான்காவது நூல் எட்டு ஆண்டுகள் தாமதித்தது.

ஆறாம் பிரிவு அனுபவத்தை அவர் மறைக்கவில்லை. 1895ம் ஆண்டிலேயே 'பேராசிரியர் ஹியரோனிமுஸ்', 'சங்க்ற் யோர்கனில்' என்று இரண்டு நாவல்களாக வெளியிட்டார். எல்ஸ கான்ற் என்ற ஓவியர்தான் கதையின் நாயகி. அவளுக்கு ஒரு சின்ன மகன். வரையத் தொடங்கிய படம் முடியவில்லை; இரவில் உறக்கமில்லை. கணவன் மருத்துவரின் பக்கம் நிற்கிறான். நித்திரை தேடிப் போனவள், இரவெல்லாம் மற்ற நோயாளரின் ஓலத்துக்கு நடுவே விழித்துக் கிடக்கிறாள்.

நூல்கள் வெளிவந்ததும் கொப்பன்ஹேகனில் பெரிய வாதப் பிரதிவாதம் எழுந்தது. ஆறாம் பிரிவின் மீது வேறு முறைப்பாடுகளும் கிளம்பின. பொன்டொப்பிடன் 1897ல் தன் பிரிவைப் பற்றித் தானே எழுதிப் பதில் சொன்னார். பின்னர் அப்பதவியை விட்டு நீங்கினார். இலக்கிய வரலாறுகள் இந்த நாவல்களைப் பற்றிப் பேசும்போது இந்த மோதலையே பெரிதாகச் சொல்கின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, மருத்துவமனைக்குப் போகுமுன் வரும் வீட்டுக் காட்சிகள். தூரிகையைக் கையில் எடுத்தால் பிள்ளையின் குரல்; பிள்ளையைத் தூக்கினால் முடியாத படத்தின் நினைப்பு. பேராசிரியரின் கொடுமை அந்தக் காலத்தோடு போயிருக்கலாம். இது போகவில்லை.

இதைப் பிள்ளைப்பேற்றை அடுத்த மனநோய் என்று கூறலாமா என ஒருவர் கேட்கலாம். இறுக்கமான மருத்துவ அர்த்தத்தில் கூறமுடியாது. மகளுக்கு அப்போது சில வயதாகிவிட்டது. ஆனால் அதே காலத்தில் அத்திலாந்திக்கின் மறுகரையில் ஐயத்துக்கிடமின்றி அதுவேயான ஒரு கதை நடந்தது. சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன் 1885ல் மகளைப் பெற்றபின் மீளாத சோர்வில் விழுந்தார். 1887ல் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற நரம்பு மருத்துவர் வியர் மிச்செலிடம் போனார். படுத்திரு, நன்றாகச் சாப்பிடு, பிள்ளையோடு இரு, மூளைவேலையை நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் வைத்துக்கொள், வாழ்நாளில் இனிப் பேனாவைத் தொடாதே என்பது அவரது வைத்தியம். கில்மன் சில மாதம் அதன்படி நடந்து, சித்தம் கலங்கும் விளிம்புக்கே போனார். அதன்பின் அந்த வைத்தியத்தை எறிந்துவிட்டு எழுதத் தொடங்கினார். 1892ல் 'மஞ்சள் சுவர்க்கடதாசி' என்ற சிறுகதை வந்தது. 1898ல் பெண்களின் பொருளாதார நிலைபற்றிய அவரது பெருநூல் வந்தது. அமாலியேயின் நான்காவது நூலான 'வழித்தோன்றல்' வெளிவந்ததும் அதே 1898ல்தான். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், மருத்துவர் தடுத்த இடத்துக்கே திரும்பிப் போய் எழுந்து நின்றார்கள்.

ஆனால் எழுத்தே மருந்து, வேலைக்குப் போனால் வருத்தம் மாறிவிடும் என்று இதை யாரும் வாசித்துவிடக்கூடாது. நோய் நோய்தான். பிரசவித்த முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது தாய்மாரில் பெரும்பாலோருக்கு உண்டு. சில நாளில் தானாகப் போய்விடும். நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் அதைக் கடந்த மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். ஆயிரத்துக்கு ஒருவர் இருவருக்குப் புத்தி பேதலிக்கும் கடும் நோய் வருகிறது. பெரும்பாலும் முதல் இரு கிழமைக்குள். இதைத்தான் எம்மவர் 'சன்னி' என்றார்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது. இன்று இவற்றுக்கெல்லாம் நல்ல வைத்தியம் உண்டு. பெரும்பாலோர் முற்றாகக் குணமடைகிறார்கள். மிச்செலின் பிழை, வியாதியைக் கண்டதில் அல்ல. பெண்ணின் ஆசையையும் வியாதியின் கணக்கில் சேர்த்ததில்தான்.

அந்தக் கணக்கு எங்கள் வீடுகளிலும் போடப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் தாய் இருந்தாள். வேது குளிப்பு, சரக்குக் கறி, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு என்று ஒரு ஒழுங்கு இருந்தது. அதில் கட்டுப்பாடும் இருந்தது; அதைச் சொர்க்கமென்று நான் சொல்லவில்லை. ஆயினும் இரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு மடி இருந்தது. டென்மார்க்கில் அது இல்லை. எண்பதுகளில் இங்கு வந்தவர்களுக்கு மனைவியைக் கூப்பிடுவதே பெரும்பாடாக இருந்தது. 1987ல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவை நிறுத்திவைத்ததும், 'தமிழர் வழக்கு' எனப் பெயர்பெற்ற அவ்விவகாரத்தால் 1993 ஜனவரியில் சுலுற்றரின் அரசாங்கம் பதவி விலகியதும், 1995ல் அமைச்சர் குற்றவாளியாகக் காணப்பட்டதும் யாவரும் அறிந்தவை. மனைவியை அழைப்பதற்கே இந்தப் பாடு என்றால், மாமியை யார் அழைப்பது?

அப்படி வந்த பெண்களில் ஆசிரியைகளும் பட்டதாரிகளும் இருந்தார்கள். மொழிப் பாடசாலை தொடங்கி ஆறு மாதத்தில் பிள்ளை. வெளியே மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் மார்கழி. கணவர் தொழிற்சாலையில் இரவுவேலை. அவள் ஒடிந்துபோனால் முதலில் நாவூறு என்றார்கள். பிறகு யாருக்கும் சொல்லாதே என்றார்கள், ஊரில் தங்கச்சிக்குக் கலியாணம் பேச வேண்டும் என்பதற்காக. அவள் தேறி எழும்பி மீண்டும் படிக்கப் போகவேண்டும் என்று சொன்னபோது வந்த பதில்தான் கவனிக்கத்தக்கது: "படிப்பு படிப்பெண்டு யோசிச்சுத்தானே இந்த வருத்தம் வந்தது. பேசாமல் பிள்ளையைப் பார்." பிலடெல்பியாவுக்குப் போகாமலே மிச்செலின் மருந்துச்சீட்டை நாங்கள் எழுதிக்கொடுத்தோம்.

அமாலியேயின் மீட்சியும் அழகான முடிவுள்ள கதை அல்ல. அந்த நூற்றாண்டு முடியுமுன் எரிக்கோடு வாழ்ந்த வாழ்வும் முடிந்தது. உடல்நிலை தேறவில்லை. ஆயினும் சிறுகதைகளும் நாவல்களும் வந்துகொண்டிருந்தன. 1905 மார்ச்சில், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு நாவலை முடிக்காமலே கொப்பன்ஹேகனில் இறந்தார். பிறந்த நாட்டு விமர்சகர்கள் மீது அவருக்கிருந்த கசப்பு கடைசிவரை ஆறவில்லை. தன்னை டெனிஷ் எழுத்தாளர் என்றே குறிக்க விரும்பினார். இன்று பேர்கனில் அவருக்குச் சிலை இருக்கிறது. நோர்வேஜியர் எழுதுவதை டெனிஷ்காரர் வாசிக்க அகராதி வேண்டியதில்லை. எங்கள் பெண்களுக்கு அந்த வசதியும் இல்லை.

அந்த நகர மருத்துவமனை 1999ல் மூடப்பட்டு, கட்டடங்கள் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. மனநோய்ப் பிரிவுக்குள் யார் போவது என்பதைப் பேராசிரியர் ஒருவர் தனியே தீர்மானித்த காலமும் போய்விட்டது. இப்போது குழந்தைநலத் தாதி வீட்டுக்கே வருகிறார். 1937ல் வந்த சட்டத்தின் பயன் அது. 1987ல் எடின்பரோவில் வகுத்த பத்துக் கேள்விகளைத் தாயிடம் கேட்கிறார்கள். அவை தமிழிலும் உண்டு. சிரிக்க முடிகிறதா, நித்திரை வருகிறதா என்று போகும் அந்த வரிசையில் பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பது. கணவர் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கும் வீட்டில் அந்தக் கேள்வி எந்தச் சொற்களில் அவளிடம் போய்ச் சேரும், அவள் சொல்லும் பதிலில் எவ்வளவு தாதியிடம் போய்ச் சேரும்? தமிழ்த் தாளைக் கையில் தரும்படி கேட்கலாம். கணவரல்லாத மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.