அதராக்ஸியா

பெயர்ச்சொல். கலக்கமின்மை, மனத்தெளிவு. கிரேக்கத்தில் ‘தராக்கே’ என்றால் கலக்கம். நீரைக் கலக்குவதைச் சொல்லும் வினைக்கும் அதே வேர்தான். முன்னே நிற்கும் ‘அ’ எதிர்மறை முன்னொட்டு. ‘நியாயம்’ ‘அநியாயம்’ ஆகும்போது வரும் வடமொழி முன்னொட்டுக்கு உறவு.

கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸ் (கி.மு. 341–270) இன்பத்துக்கே இச்சொல்லை இலக்கணமாக்கினார். உடலில் வலியும் மனத்தில் கலக்கமும் நீங்கினால் இன்பம் நிறைந்துவிடும்; அதற்குமேல் அதன் வகை மாறுமே தவிர, அளவு கூடாது. தெய்வத்தையும் சாவையும் பற்றிய பயமே பெருங்கலக்கம் என்றார். ஏதென்ஸில் இருந்த அவரது தோட்டப் பள்ளியில் பெண்களும் அடிமைகளும் பயின்றார்கள். ரொட்டியும் தண்ணீருமே அவருக்குப் போதும். ஒரு சட்டி பாலாடைக்கட்டி கிடைத்தால் அன்று விருந்து. ஆங்கிலத்தில் ‘எபிக்யூர்’ இன்று நாக்குருசி தேடுபவரைக் குறிப்பது வேடிக்கைதான்.