கோடைக்காலப் பழ ஐஸ்: வீட்டில் பாதுகாப்பாகத் தயாரிக்கும் முறை

அக்னி நட்சத்திர நாள்களில் குழந்தைகள் குச்சி ஐஸ் கேட்பது இயல்பு. முற்றிலும் மறுப்பதைவிட, பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பழங்களைக் கொண்டு வீட்டிலேயே தயாரித்துக் கொடுப்பது நல்லது. ஆயினும், வீட்டில் செய்யப்பட்டது என்பதாலேயே ஓர் உணவு தூய்மையானதாகிவிடாது.

உறையவைத்தால் கிருமிகள் அழிந்துவிடுமா?

அழியாது. டைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவும், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் ஐஸ் கட்டிக்குள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியவை. சமைத்த உணவில் வெப்பம் செய்யும் வேலையைப் பழ ஐஸில் எதுவும் செய்வதில்லை. எனவே, சேர்க்கப்படும் நீர் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்க வேண்டும். கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். தர்பூசணி, கிர்ணி போன்றவற்றின் தோலை உண்பதில்லை என்றாலும், வெட்டும் கத்தி தோலில் உள்ள அழுக்கைச் சதைக்குள் கொண்டு செல்லும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே முழுப் பழத்தையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். சாலையோரத்தில் வெட்டி வைக்கப்பட்ட துண்டுகளை இதற்கு வாங்க வேண்டாம். மீன் பதப்படுத்தப் பயன்படும் ஐஸ் கட்டி உண்பதற்குரியதன்று. எக்காரணம் கொண்டும் அதைச் சேர்க்கக் கூடாது.

தயாரிப்பு

தர்பூசணி: விதை நீக்கிய துண்டுகள் இரண்டு கிண்ணம், அரை எலுமிச்சைச் சாறு, நான்கைந்து புதினா இலைகள். இவற்றை நீர் சேர்க்காமல் அரைத்து, சிறு எவர்சில்வர் டம்ளர்களில் முக்கால் பாகம் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துச் சற்று இறுகியதும் ஐஸ் குச்சியைச் செருகவும். முழுமையாக உறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். டம்ளரின் வெளிப்புறத்தை வெதுவெதுப்பான நீரில் சில நொடிகள் வைத்தால் ஐஸ் எளிதில் கழன்றுவிடும். (துடைப்பக் குச்சியைக் கழுவிப் பயன்படுத்துவோரும் உண்டு. வேண்டாம்.)

தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர் என்பதால் ஐஸ் கல்போல் இறுகும். ஒரு வாழைப்பழம் சேர்த்து அரைத்தால் மென்மையாகும். மாம்பழத்துக்கு இச்சிக்கல் இல்லை. ஒரு பழத்தின் சதையுடன் அரைக் கிண்ணம் புளிக்காத தயிர் சேர்த்தால் போதும். நுங்கை அரைக்காமல் சிறு துண்டுகளாக இளநீரில் இட்டு உறையவைக்கலாம்.

சர்க்கரை தேவையா?

குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். கடை ஐஸில் சர்க்கரை மிகுதியாகச் சேர்க்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். நன்கு பழுத்த பழத்துக்குச் சர்க்கரை தேவையில்லை. குழந்தையின் நாக்கு சில நாள்களில் இதற்குப் பழகிவிடும். பெரியவர்களுக்கே சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கிறது.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவு உள்ளவர்கள், சர்க்கரை சேர்க்காத மாம்பழ ஐஸிலும் பழத்தின் சர்க்கரை முழுவதும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சிறுநீரக நோயாளிகள் உண்ணும் ஐஸும் மருத்துவர் அனுமதித்த நீர் அளவில் சேரும். வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி என்பதால் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான எதிலும் தேன் கலக்கக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு முழுத் திராட்சையையோ கட்டியான நுங்குத் துண்டுகளையோ உள்ளே வைத்துக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மின்தடையால் உருகிய ஐஸை மீண்டும் உறையவைக்காதீர்கள். தயிர் சேர்த்ததாயின், குளிர்ச்சி நீங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்குப் பழ ஐஸ் மாற்று மருந்தன்று. அதற்குத் தேவை ஓ.ஆர்.எஸ். கரைசல், இது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். குழந்தை சோர்ந்திருந்தாலோ, கண்கள் குழி விழுந்திருந்தாலோ, சிறுநீர் வெகுநேரம் கழிக்காமலிருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.