திருவும் ஸ்ரீயும் படிவத்தின் வாசலில்

இராஜபாளையத்தில் பேருந்து ஏறி மதுரைச் சாலையில் வடக்கே வந்தால் அரைமணிப் பொழுதுக்குள் ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் படும். அந்தச் சிறு தொலைவுக்குள் கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டே வருவது நம் நெடுநாள் வழக்கம். ஒரு பலகையில் 'ராஜபாளையம்', அடுத்ததில் 'இராஜபாளையம்', இன்னொன்றில் 'இராசபாளையம்'. இந்தப் பக்கம் வந்தால் 'ஸ்ரீவில்லிபுத்தூர்', 'திருவில்லிபுத்தூர்', பேச்சுவழக்கில் வெறும் 'சீவில்லிபுத்தூர்'. இத்தனை வடிவங்கள் இருந்தும் ஒரு கடிதமும் வழிதவறிப் போனதில்லை. தபால்காரர் எல்லாவற்றையும் அறிந்தவர். அறியாத ஒருவர் அண்மைக்காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறார். கணினித் திரையில் தோன்றும் படிவக் கட்டம்தான் அவர்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். தாயார் சத்திரப்பட்டிப் பக்கம் மருத்துவத் துணி நெய்யும் தறியில் வேலை செய்பவர். கடைசி நாள் மாலை, பிரவுசிங் சென்டரில் படிவத்தை நிரப்பினார்கள். பெயருக்கு முன்னிருந்த ஓரெழுத்து முன்னெழுத்தையும் அதன் புள்ளியையும் கட்டம் ஏற்கவில்லை. 'எழுத்துகள் மட்டுமே' என்று சிவப்பில் ஒரு வரி தோன்றியது. 'கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டெழுத்து' என்று மற்றொரு வரி. நேரம் போய்க்கொண்டிருந்ததால் கடைக்காரர் தந்தையின் முழுப்பெயரைக் கடைசிப் பெயராக இட்டு அனுப்பிவிட்டார். பிற்பாடு சான்றிதழ்களோடு ஒப்பிட்டபோது பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. அவ்வாண்டுத் தொகை கிடைக்கவில்லை. அன்றுமுதல் இந்தக் கட்டங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். தேடல் நம்மை நம் துறைக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

உள்ளே வரும் எழுத்தை வாசலில் நிறுத்திச் சோதிப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மொழிமரபு செய்வது அதைத்தான். சொல்லின் முதலில் பன்னிரண்டு உயிர்களும் வரலாம். க, த, ந, ப, ம ஆகியவை எல்லா உயிரோடும் கூடி வரலாம். சகரம் அ, ஐ, ஔ நீங்கலாக வரும். வகரம் உ, ஊ, ஒ, ஓ நீங்கலாக வரும். ஞகரத்துக்கு மூன்று உயிர்களே துணை. யகரத்துக்கு ஆகாரம் ஒன்றே. தனிமெய் முதலில் வாராது. ரகரத்துக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இவ்விதியை நம் இரண்டு ஊர்களிடம் காட்டிப் பாருங்கள். 'ராஜபாளையம்' ரகரத்தில் தொடங்குகிறது, விதி தடுக்கும். 'ஸ்ரீவில்லிபுத்தூர்' வடவெழுத்தில், அதிலும் மெய்யெழுத்தில் தொடங்குகிறது. விதி இருமுறை தடுக்கும். ஆனால் இலக்கணம் தடுத்ததோடு நின்றுவிடவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்துக்கொண்டால் அச்சொல் செய்யுளில் இடம்பெறலாம் என்று தொல்காப்பியம் எச்சவியலில் வழி சொல்கிறது. நன்னூலார் இன்னும் தெளிவாக, ரகரத்தில் தொடங்கும் வடசொல்லின் முன்னே அ, இ, உ என்னும் குறில்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். அரங்கமும் இராமனும் உரோமமும் அவ்வாறு வந்தவை. இராஜபாளையத்தின் இகரம் அந்த வாசலில் கிடைத்த அனுமதிச் சீட்டு. ஸ்ரீ 'திரு' ஆனதும் அதே மரபின் தொடர்ச்சி.

விதியும் அசையாமல் நிற்கவில்லை. தொல்காப்பியம் விலக்கிய சகர அகரத்தை நன்னூல் ஏற்றது. யகரத்துக்கு ஓர் உயிர் என்றிருந்தது ஆறு உயிர்கள் என்று விரிந்தது. வழக்கில் யவனரும் யோகமும் வந்துவிட்டபோது வாசலை அகலமாக்குவதே முறை என்று பவணந்தியார் கருதினார் போலும்.

இனிக் கணினியின் கதைக்கு வருவோம். 1990களின் நடுப்பகுதி வரை இணையப் படிவத்தை நிரப்பியவர் அதை அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். தகவல் தொலைபேசிக் கம்பி வழியே எங்கோ இருக்கும் வழங்கிக்குச் சென்று, அங்கே சோதிக்கப்பட்டு, 'மின்னஞ்சல் முகவரியை விட்டுவிட்டீர்கள்' என்ற செய்தியோடு மெதுவாகத் திரும்பும். இந்த அலைச்சலைக் குறைக்க உலாவிக்குள்ளேயே இயங்கும் ஒரு சிறு மொழி தேவைப்பட்டது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாட்களில் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்று பெயர் மாறி, அவ்வாண்டு டிசம்பரில் அது ஜாவாஸ்கிரிப்ட் ஆயிற்று. அதற்குக் கிடைத்த முதல் வேலைகளுள் ஒன்று படிவக் கட்டங்களைச் சரிபார்ப்பது.

ஆயினும் நெட்ஸ்கேப்பில் ஓடும் நிரல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இடறும். ஒவ்வொரு நிரலரும் தமக்கெனத் தனிச் சோதனைகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். 2006 ஜனவரியில் ஜான் ரெசிக் அறிமுகப்படுத்திய ஜெக்வெரி என்னும் நிரல் நூலகம் உலாவிகளின் வேறுபாடுகளை மறைத்தது. அதே ஆண்டில் யோர்ன் சாஃபரர் அதற்குத் துணையாகப் படிவச் சரிபார்ப்புக்கென்றே ஒரு செருகுநிரல் எழுதினார். பக்கம் பக்கமாக எழுதவேண்டியிருந்த சோதனை, கட்டத்தின்மேல் 'கட்டாயம்', 'மின்னஞ்சல்', 'குறைந்த நீளம் இத்தனை' என்று ஒரு சொல் எழுதுவதாகச் சுருங்கிற்று. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் நூலகம் இடைமறித்து, விதிகளை ஓட்டி, பிழைச்செய்தியைக் கட்டத்தின் அருகிலேயே காட்டும். 2014இல் எச்டிஎம்எல் 5 தரம் முறைப்படி வெளிவந்தபோது இவ்விதிகளுள் பல உலாவியிலேயே இடம்பெற்றிருந்தன.

நூற்பாவைப் போன்ற சுருக்கம். ஆனால் நூற்பாவுக்கு உரையாசிரியர் உண்டு, இதற்கு இல்லை. அச்செருகுநிரலின் கூடுதல் விதிகளில் 'எழுத்துகள் மட்டும்' என்று ஒன்று இருக்கிறது. அது எழுத்தென ஒப்புவது ஏ முதல் இசட் வரையிலான ஆங்கில எழுத்துகள் இருபத்தாறை மட்டுமே. புள்ளிக்கும் இடைவெளிக்கும் அங்கே இடமில்லை. தமிழ் எழுத்துக்கோ பேச்சே இல்லை. எழுதியவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்தாளும் துறை அது. எங்கோ ஒரு மேசையில் எழுதிய விதி நம் மாணவியின் முன்னெழுத்தின் முன் வந்து நின்றது.

தமிழில் நிரப்ப இசையும் படிவங்களிலும் நுட்பமான இடர்கள் உண்டு. முதலாவது எண்ணிக்கை. 'ராஜபாளையம்' நமக்கு ஆறெழுத்து. ஒருங்குறியில் கால், இணைக்கொம்பு, புள்ளி ஆகியவை தனித்தனிக் குறிகளாதலால் உலாவி பத்து என்று எண்ணும். 'திருவில்லிபுத்தூர்' நமக்கு ஒன்பது, அதற்குப் பதினெட்டு. 'குறைந்தது இரண்டு' என்ற விதியில் 'மா' தேறிவிடும், 'ம' தேறாது.

இரண்டாவது, எழுத்து எது என்பது. 2018இல் ஜாவாஸ்கிரிப்ட், ஒருங்குறியின் வகைப்பாட்டைக்கொண்டு எம்மொழி எழுத்தையும் அறியும் வசதியைப் பெற்றது. ஆனால் அவ்வகைப்பாட்டில் அகரமேறிய மெய்யும் உயிரும் 'எழுத்து'. உயிர்க்குறியும் புள்ளியும் 'குறி'. 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்தால் 'சரவண' உள்ளே போகும். 'சரவணன்' வாசலில் நிற்பார். விகுதி இல்லாத பெயரை மட்டும் ஏற்கும் வினோத இலக்கணம் இது. 'குறி' என்னும் வகையையும் சேர்த்து எழுதினால் தீர்ந்தது. ஒரு சொல் செலவு.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. ஒருங்குறியில் ஶ என்ற கிரந்த எழுத்து 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் 'ஸ்ரீ'யை ஸகரத்தைக்கொண்டே உள்ளிட்டோம். இன்றும் பல விசைப்பலகைகள் அவ்வாறே தருகின்றன. ஶகரத்தைக்கொண்டு உள்ளிடும் முறையும் உண்டு. ஒருங்குறித் தரம் பரிந்துரைப்பது அதையே. திரையில் இரண்டும் ஒரே வடிவம். கணினிக்கு வேறுவேறு சொற்கள். ஓர் ஆவணத்தில் ஒன்றும் மற்றதில் இன்னொன்றும் இருந்தால், கண்ணுக்கு ஒன்றான ஸ்ரீவில்லிபுத்தூர் ஒப்பீட்டில் பொருந்தாது. திருவில்லிபுத்தூர் என்று எழுதுவோருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதைத் தனித்தமிழ் அன்பர்கள் குறித்துக்கொள்ளலாம்!

பெயரின் அமைப்பு நான்காவது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராயிருந்த இராஜபாளையத்துக்காரர் பூ.ச. குமாரசாமி ராஜா. பூசபாடி என்ற குடும்பப்பெயர் முன்னே நின்று முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கிறது. 'கடைசிப் பெயர்' கேட்கும் கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்? முன்னெழுத்தே இல்லாத ஒற்றைப் பெயரைச் சொல்லவேண்டுமானால், திருவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு நாம் வேறெந்தப் பெயரையும் தேடவேண்டியதில்லை.

உலாவியில் நடக்கும் சோதனையை எவரும் நிறுத்திவிட முடியும். ஆகவே உண்மையான காவல் வழங்கியில்தான் இருக்கவேண்டும் என்று நிரலர்களே கூறுகிறார்கள். அப்படியானால் உலாவிச் சோதனை நிரப்புபவருக்கு உதவும் பொருட்டு ஏற்பட்டது. 'இது தவறு' என்பதோடு 'இப்படி எழுதலாம்' என்றும் சொல்வது அதன் கடமை. ரகரத்தை மறுத்த இலக்கணம் இகரத்தைக் கையில் கொடுத்தது. சான்றிதழில் உள்ளபடியே முன்னெழுத்தை ஏற்கும் கட்டம், கடைசிப் பெயரைக் கட்டாயமாக்காத விதி, தமிழில் ஒரு வரி விளக்கம் இவையிருந்தால் அந்த மாணவியின் ஓராண்டுத் தொகை தப்பியிருக்கும்.

மறு ஆண்டு அவளோடு நாமும் அமர்ந்து படிவத்தை நிரப்பினோம். அதே கட்டம், அதே சிவப்பு வரி. இம்முறை கடைசிநாள் அன்று என்பதால் உதவி எண்ணை அழைத்துக் கேட்க நேரமிருந்தது. புள்ளியை விடுத்து, முன்னெழுத்தைப் பெயரோடு சேர்த்து எழுதி, இரண்டாம் கட்டத்தில் பெயரையே மீண்டும் இடச் சொன்னார்கள். படிவம் உள்ளே சென்றது, தொகையும் வந்தது. அந்த வழியைப் படிவத்திலேயே எழுதிவைத்திருக்கலாமே என்று கேட்டோம். மறுமுனையில் இருந்தவர், "எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க சார்" என்றார். நிரல் எழுதும் நண்பர்கள் எவரேனும் இதைப் படித்தால், அவரவர் படிவத்தில் தம் தந்தையின் பெயரையும் சொந்த ஊரின் பெயரையும் ஒருமுறை தமிழில் இட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.