ஐந்தாண்டுக் கணக்குக்கு அப்பால்

கருப்பையின் கீழ்முனையில் தோன்றும் கருப்பைவாய்ப் புற்றுநோயின் சிகிச்சை வரலாற்றில் 1898 முக்கியமான ஆண்டு. அவ்வாண்டு நவம்பரில் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்தைம், கருப்பையோடு அதைச் சூழ்ந்த திசுக்களையும் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றும் பெரிய அறுவை சிகிச்சையைத் தொடங்கினார்; டிசம்பரில் பாரிஸில் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்ததை அறிவித்தனர். அறுவையும் கதிர்வீச்சும் என்று இன்றுவரை தொடரும் இரு வழிகளும் அங்கிருந்தே கிளைத்தன.

ரேடியச் சிகிச்சை ஸ்டாக்ஹோம், பாரிஸ், மான்செஸ்டர் நகரங்களில் முறைப்படுத்தப்பட்டது. ரேடியம் அடைத்த சிறு குழாய்களைக் கருப்பைக்குள்ளும் யோனியின் மேற்பகுதியிலும் பொருத்தி, அவை இடம்பெயராதபடி துணிச்சுருளால் அடைத்துவிடுவார்கள். பெண் மணிக்கணக்கில், சில முறைகளில் நாள்கணக்கில், அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இச்சிகிச்சையின் பயனை மருத்துவ உலகம் அளந்த அளவுகோல், ஐந்தாண்டு கழித்து அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே. பல நாட்டு மருத்துவமனைகளின் முடிவுகளை ஒப்பிட 1930களில், ஐ.நா. அவையின் முன்னோடியான சர்வதேச சங்கத்தின் ஆதரவில் வெளியான அறிக்கைகளும் இக்கணக்கையே தொகுத்தன. அந்த ஐந்தாண்டை அவர் எப்படிக் கழித்தார் என்பதற்கு அதில் இடமில்லை.

அதன் விளைவை ஹென்ரியெட்டா லாக்ஸின் மருத்துவக் குறிப்பேட்டில் காணலாம். ஐந்து குழந்தைகளின் தாயான இந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண் 1951-இல் ரேடியச் சிகிச்சை பெற்றார். இனிக் குழந்தை பெற முடியாது என்பதை முன்பே சொல்லியிருந்தால் சிகிச்சைக்கு உடன்பட்டிருக்கமாட்டேன் என்று அவர் கூறியது அதில் பதிவாகியுள்ளது. அவர் கேட்டது அரிய வசதி எதையும் அன்று. தம் உடலுக்கு நேரப்போவதை முன்கூட்டியே அறியும் உரிமையைத்தான்.

தமிழகத்தில், புற்றுநோயால் தங்கையை இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. மறு ஆண்டு அங்கு பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்தவர். கருப்பைவாய்ப் புற்றுநோய் இங்கு பெண்களிடையே மிகப் பரவலாக இருந்த காலம் அது. புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்ற அச்சமும் பரவியிருந்ததால், குணமடைந்த பெண்ணை வீட்டார் தயக்கமின்றி ஏற்பதும் சிகிச்சையின் தொடர்ச்சியாகவே கருதப்பட வேண்டியிருந்தது.

சிகிச்சைக்குப் பின்னான வாழ்வையும் தனியே கவனிக்க வேண்டும் என்ற கருத்து, தாமே புற்றுநோயாளியாக இருந்த மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ மல்லன் 1985-இல் எழுதிய கட்டுரையால் வலுப்பெற்றது. 2006-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகளுக்கென 24 கேள்விகள் கொண்ட படிவத்தை வெளியிட்டனர். நிணநீர் முடிச்சுகளை அகற்றியதால் கால் வீங்குகிறதா, சினைப்பைகள் செயலிழந்து முன்கூட்டியே வந்த மாதவிடாய் நிறுத்தத்தால் உடல் தகிக்கிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா, கதிர்வீச்சால் யோனி சுருங்கித் தாம்பத்திய உறவு வலிக்கிறதா என்று நெடுங்காலம் பெரும்பாலும் கேட்கப்படாதவை அதில் கேள்விகளாயின.

இவற்றுள் பலவற்றுக்குத் தீர்வோ தணிப்போ உண்டு: வீக்கத்துக்கு அழுத்தக் காலுறையும் உடற்பயிற்சியும், யோனி சுருங்காதிருக்க விரிப்பான் எனப்படும் மழுங்கிய முனைக் குழலும் பயன்படுகின்றன. ஆனால் கூச்சத்தால் பெண் தானாகச் சொல்லாத நிலையில், தனியறையில், அவருடைய மொழியில், ஒரு செவிலியர் பொறுமையாகக் கேட்டால்தான் அத்தீர்வுகள் அவரை எட்டும்.